சாத்துக்குடி கொட்டும் வேலை

எனக்கு முதன்முதலில் கிடைத்த சம்பள வேலை, பஸ் ஸ்டாப்பில் பழத்தைக் கீழே கொட்டுவது.

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த ஒருவர் போனில் கூப்பிட்டு, "ஒரு ஆராய்ச்சிக்கு உள்ளூர் ஆள் தேவைப்படுதாம், போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு ஓட்டலில் காபியை ஆற்றிக்கொண்டு ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரர், வெளிநாட்டில் படித்தவர். முன்பின் தெரியாத ஒருவருக்கு மனிதர்கள் எப்போது உதவுகிறார்கள், எப்போது பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"கிரிவலம் வர்றவங்க மனசு இளகி இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க இல்ல? அது உண்மையான்னு பாக்கணும்" என்றார்.

"எப்படிப் பாப்பீங்க மேடம்?"

"நீ ஏதாவது கீழ போடணும். யாரு எடுத்துக் குடுக்கிறாங்கன்னு பாப்போம்."

முழுத் திட்டமும் அவ்வளவுதான். பௌர்ணமி அன்றும் கொட்ட வேண்டும், சாதாரண நாளிலும் கொட்ட வேண்டும். இடம் இரண்டு: கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை ஒன்று, கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப் மற்றொன்று. பொருளும் மாறக் கூடாது, ஆளும் மாறக் கூடாது. இடையில் ஆளை மாற்றினால், உதவி பௌர்ணமியால் வந்ததா, கொட்டிய ஆளின் முகத்தால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போய்விடும் என்றார்.

"எங்க வீடு கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான் மேடம். என்னைத் தெரிஞ்சவங்க இருப்பாங்களே."

"எத்தன பேருக்குத் தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் அந்தப் புதுக் குடியிருப்புக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் மாவட்டம் முழுவதிலிருந்தும் வருவார்கள்; இன்று வந்தவர் நாளைக்கு வரமாட்டார். அதே ஆபீசில்தான் அப்பா வேலை பார்த்தார். ஆனால் அவர் காலையில் உள்ளே போனால் சாயந்திரம்தான் வெளியே வருவார். "ரொம்பப் பேருக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

கடைசியாக ஒரு நிபந்தனை. வேலை முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டிலும்கூட. விஷயம் வெளியே தெரிந்தால் ஊரில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று மேடம் சொன்னார். வீட்டில் 'சர்வே வேலை' என்று சொல்லிவைத்தேன்.

என்னுடன் வேலைக்கு எடுத்த இன்னொருவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விவசாயம், இவர் சமூகப்பணி படித்தவர். நான் கொட்டுவேன், அவர் தள்ளி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் 'உதவினார்', 'உதவவில்லை' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றைத் தொடுவார். டீ குடிக்கச் சம்பளம் என்று நான் கேலி செய்வேன். "அசிடிட்டிக்கு யாருங்க சம்பளம் தருவாங்க" என்பார் அவர்.

முதலில் எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்தோம். உருளும், உடையாது, விலை கம்மி. அடி அண்ணாமலையில், வெயில் தாழ்ந்த நேரம், பாதை ஓரமாக நடந்துபோய்ப் பையை நழுவவிட்டேன். பழங்கள் அழகாக நாலு பக்கமும் ஓடின. எதிரே வந்த ஒரு அம்மா தன் பிள்ளையைச் சட்டென்று இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பைக்கில் வந்தவர் பிரேக் போட்டு, ஒவ்வொரு பழத்தையும் சுற்றி வளைத்துக்கொண்டு போனார். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருக்கிறேன், என்னைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகவே இருக்கிறது. பெட்டிக்கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, நான் நின்ற இடத்தில் ஊற்றிக் கழுவிவிட்டார்.

கூட்டாளி எழுந்து வந்தார். முகத்தை நேராக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு தெரிந்தது.

"ஒருத்தர்கூடத் தொடலைங்க. தெருவுல கெடக்கிற எலுமிச்சம்பழத்த யாருங்க தொடுவாங்க?"

"இத முன்னாடியே சொல்லி இருக்கலாம் இல்ல?"

"எனக்கும் இப்பதான் தோணுது."

மேடத்தையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். கழிப்புக் கழித்த பழத்தைத் தாண்டக்கூடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான். காகிதத்தில் திட்டம் போடும்போது மூன்று பேருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மேடத்துக்குப் போனில் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். "நல்ல வேளை, மொதல்லயே தெரிஞ்சுது" என்றார்.

அடுத்து பேனாக்கள். பேனா விழுந்தால் எல்லாரும், "ஏம்மா, பேனா விழுந்துச்சு பாரு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்கள். அதை உதவியாகக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று மேடமும் கூட்டாளியும் போனில் வாதாடினார்கள். கடைசியில்தான் சாத்துக்குடி. அதற்குத் தெய்வமும் கிடையாது, பேயும் கிடையாது. விழுந்தால் ஓடும், பார்த்தால் பாவமாக இருக்கும்.

கொட்டுவதும் ஒரு கலைதான். மஞ்சள் துணிப்பையின் ஒரு காது மட்டும் விரலிலிருந்து நழுவ வேண்டும். இரண்டும் நழுவினால் பை அப்படியே உட்கார்ந்துவிடும், ஒரு பழமும் ஓடாது. யார் முகத்தையும் பார்க்கக் கூடாது, 'ஐயோ' சொல்லக் கூடாது, அவசரமாகப் பொறுக்கவும் கூடாது. மாடியில் ஒத்திகை பார்த்தேன். அப்படி ஒரு நாள் பழத்தைக் கொட்டிப் பொறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, தெருவில் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் சில வாரங்கள் போல இன்பமான வேலையை நான் பிறகு பார்த்ததில்லை. மனிதர்களை அவ்வளவு பக்கத்திலிருந்து, அவர்களுக்குத் தெரியாமல் பார்ப்பதற்குச் சம்பளம் வேறு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டமாகப் பாய்ந்து, யார் அதிகம் பிடிப்பது என்று போட்டிபோட்டார்கள். ஒரு போக்குவரத்துக் காவலர், ஒரு சாத்துக்குடி ரோட்டைக் கடக்கட்டும் என்று லாரியை நிறுத்தினார். ஒரு தாத்தா ஒவ்வொரு பழமாக எடுத்து, வேட்டியில் துடைத்து, "எங்க வாங்கின, கிலோ என்ன வெல, ஏமாத்திட்டான் உன்னை" என்று சொல்லிச் சொல்லி என் பையில் போட்டார். அவசரமாகப் போன ஒருவர், காலருகே வந்த பழத்தைக் கால்பந்துபோல் என் பக்கம் தட்டிவிட்டார். அவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கூட்டாளி அன்றைக்கெல்லாம் குழம்பினார். "என் பக்கம்தானே தட்டினாரு, உதவின்னே போடுங்க" என்றேன்.

அடிபட்ட பழங்கள் வீட்டுக்கு வரும். அம்மா தினமும் ஜூஸ் பிழிவாள். "சர்வே பண்றவங்க எதுக்குடி சாத்துக்குடியாவே குடுக்கிறாங்க?" என்பாள். "உடம்புக்கு நல்லதும்மா" என்பேன்.

பௌர்ணமி வந்தது. அடி அண்ணாமலையில் மத்தியானத்திலிருந்தே கூட்டம். நான் கொட்டினேன். மக்கள் ஆறுபோல் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வருகிறவர் தள்ள, முன்னால் போகிறவர் இழுக்க, குனிய நினைத்தவர்களுக்குக்கூடக் குனிய இடமில்லை. ஒருவர் குனிந்து ஒரு பழத்தை எடுத்து நிமிர்வதற்குள் கூட்டம் அவரைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்விட்டது. அங்கிருந்தே தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பழங்கள் வெறுங்கால்களுக்கு இடையே நசுங்கின. உதவியவர்கள் இருந்தார்கள், ஆனால் மேடம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

ஆனால் கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில் வேறு கதை. நாளாக நாளாக அங்கே உதவி கூடிக்கொண்டே போனது. பை நழுவும் முன்பே ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து யாராவது எழுந்துவிடுவார்கள். பழம் தரையைத் தொட்டதும் இரண்டு டிரைவர்கள், ஜெராக்ஸ் கடைப் பையன், மனு எழுதுகிறவர் என்று ஓடி வருவார்கள். "நீ நில்லும்மா, குனியாத, நாங்க எடுக்கிறோம்" என்பார் மீசை வைத்த ஒரு டிரைவர். எனக்கு ஒரு பழம்கூடப் பொறுக்கக் கிடைக்காது. கூட்டாளியும் 'உதவினார்' கட்டத்தைத் தொட்டுத் தொட்டு அலுத்துப்போனார்.

மேடம் உற்சாகத்தில் இருந்தார். "சாதாரண நாள்ல, சாதாரண எடத்துல, பௌர்ணமிய விட ஜாஸ்தி. இத யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க" என்றார் போனில். இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார். என் ஊர்க்காரர்களை நினைத்து எனக்கும் பெருமையாக இருந்தது.

வீட்டில் இதற்கு இணையாக வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது புரியக் கொஞ்ச நாள் ஆனது. சாப்பிட உட்காரும்போது அப்பா சாம்பார் பாத்திரத்தைத் தானே தூக்கி வைக்க ஆரம்பித்தார். எனக்குக் கண்ணாடி டம்ளருக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வந்தது. நான் தண்ணீர் குடிக்கும்போது, பேப்பர் படிப்பதுபோல் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கை எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நல்லாதான்பா இருக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். ஆபீசில் யாரோ அப்பாவிடம், 'சார், உங்க பொண்ணு நேத்தும் பைய கீழ போட்டுட்டு நின்னுச்சு' என்று சொன்னார்களாம். அதை அம்மா ரகசியம்போலச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மேடத்தைக் கேட்டபோது, "இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி. அது வரைக்கும் சமாளிச்சுடு" என்று கெஞ்சினார். சமாளிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நரம்பு டாக்டரிடம் அப்பா டோக்கன் வாங்கி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். குறும்பான கண்கள். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் கை எப்போதெல்லாம் நழுவுகிறது என்று ஆபீஸ் குறிப்புபோல் வரிசையாகச் சொன்னார். வீட்டுக்குள் எதுவும் விழுவதில்லை என்றும், மாடியிலும் வெளியிலும் மட்டும்தான் விழுகிறது என்றும், அதிலும் பழம் மட்டும்தான் என்றும் சொன்னார். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். என்னை மூக்கைத் தொடச் சொன்னார், கோட்டில் நடக்கச் சொன்னார், தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். "விடும்மா, விடு" என்று கையை உதறிக்கொண்டார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று அப்பாவை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா. வேணும்னுதானே போடற?"

சொல்லிவிட்டேன். டாக்டரிடம் சொல்வது வெளியே போகாது என்ற நம்பிக்கைதான். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழ இடத்தில் அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். வெளியே டோக்கன் நம்பர்கள் காத்திருக்க, பேனாவுக்கு என்ன ஆனது, காவலர் லாரியை நிறுத்தியது உதவிக் கணக்கில் வருமா என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில், "அப்பாகிட்ட நான் என்ன சொல்லட்டும்? பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

"உண்மைய முழுசா சொல்லாம இருக்க முடியுமா டாக்டர்?"

அப்பா உள்ளே வந்தார். "நரம்புல ஒன்னும் இல்லைங்க. பிடி நல்லா பலமா இருக்கு. இப்ப பாக்கிற வேலை முடிஞ்சதும் சரியாயிடும்" என்றார் டாக்டர்.

"வேலை ஜாஸ்தியா டாக்டர்?"

"கொஞ்சம் வித்தியாசமான வேலை."

மாத்திரை ஏதும் எழுதித் தராதது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வழியில் மெடிக்கலில் தானாகவே ஒரு சத்து டானிக் வாங்கினார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில், பஸ் ஸ்டாப்பில் நான் பையை நழுவவிட விரலைத் தளர்த்திய நேரம், பின்னாலிருந்து ஒரு கை வந்து பையின் அடியைத் தாங்கிப் பிடித்தது. திரும்பினால் கறுப்பு புர்கா போட்ட ஒரு அம்மா. தேரடித் தெருப் பக்கம் பள்ளிக்கூடப் பை, ரெக்சின் பை தைத்து விற்கிற கடைக்காரர். தலைமுறை தலைமுறையாக ஊரில் வியாபாரம் செய்கிற குடும்பம். ஏதோ சான்றிதழ் விஷயமாக அடிக்கடி கலெக்டர் ஆபீசுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். இரண்டு தடவை எனக்குப் பழம் பொறுக்கித் தந்திருந்ததும் நினைவு வந்தது.

"இந்தா, இத வச்சுக்கோ" என்று ஒரு பையை நீட்டினார். தடித்த நீலத் துணி, உள்ளே அட்டை வைத்துத் தைத்த அடிப்பகுதி, வாயில் ஜிப், தோளில் மாட்ட அகலமான வார். "கையில பிடிக்க வேணாம் பாரு. தோள்ல மாட்டிக்கோ. கீழ விழுந்தாலும் ஒன்னும் சிதறாது. உன்ன மாதிரி ஒரு பொண்ணு எங்க வீட்லயும் இருக்கு. அதுக்குக் கையில தெம்பு கம்மி."

என் சாத்துக்குடிகளைத் தானே அந்தப் பைக்குள் மாற்றி, ஜிப்பை இழுத்து மூடி, என் தோளில் மாட்டிவிட்டார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வந்த பஸ்சில் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். டீக்கடை பெஞ்சிலிருந்து கூட்டாளி இரண்டு கையையும் விரித்து, இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று சைகையில் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்று அதற்குப் பிறகு நான் ஒரு பழமும் கொட்டவில்லை.

சாயந்திரம் மேடத்துக்குப் போன் செய்து, "இதுக்கு மேல என்னால முடியாது மேடம். இவங்ககிட்டல்லாம் நான் சொல்லியாகணும்" என்றேன். அதற்கு அவர், "நீ சொல்றது சரி. நானும் வர்றேன். சேர்ந்தே சொல்லலாம்" என்றார். கடைசிப் பௌர்ணமியை விட்டுவிட்டோம்.

முதலில் பைக் கடைக்குப் போனோம். மேடம் நிதானமாக, ஒளிக்காமல் விளக்கினார். அந்த அம்மா தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உன் கைக்கு ஒன்னும் இல்ல?"

"இல்லம்மா."

"நெசமா?"

கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினேன். "அல்லா காப்பாத்தினான்" என்று பெருமூச்சு விட்டார். அவருக்குக் கோபமே வரவில்லை. அது என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. பையைத் திருப்பி நீட்டினேன்.

"அத ஏன் தர்ற? உனக்குன்னு தச்சது. லேப்டாப் வச்சுக்கோ." மேடமும் தனக்கு ஒரு பை வாங்கிக்கொண்டார், அதற்கு மட்டும் அந்த அம்மா முழு விலை சொன்னார்.

அடுத்தது ஆட்டோ ஸ்டாண்ட். மீசைக்காரர் சுற்றி நின்றவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். மேடம் சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது.

"நாங்க சவாரிய விட்டுட்டு ஓடி வந்தோம் மேடம்."

"தெரியும் சார். அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தோம்."

"அது இல்ல. இவங்க அப்பாவுக்கு நாங்க இப்ப என்ன பதில் சொல்றது?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன். "எங்க அப்பாவா?"

"அப்பாதான் சொல்லிட்டுப் போனாரு. பொண்ணுக்குக் கையில ஏதோ கோளாறு, இங்கதான் பஸ் ஏறும், எனக்கு ஆபீஸ்ல இருந்து ஓடி வர முடியாது, நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு. அதோ ஜெராக்ஸ் கடை, மனு எழுதறவரு, டீக்கடை, எல்லார்கிட்டயும் சொன்னாரு. தினமும் மத்தியானம் வந்து, இன்னைக்கு விழுந்துச்சான்னு வேற கேப்பாரு."

மேடம் பக்கத்து ஆட்டோவின் பின்சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். சாதாரண நாள், சாதாரண இடம், யாரும் எதிர்பார்க்காத முடிவு என்று அவர் எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் என் அப்பாவின் ஏற்பாடு என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஆள் மாறினால் முகம் குழப்பும் என்று மேடம் என்னையே வைத்துக்கொண்டார். அந்த முகத்துக்கு ஒரு அப்பா இருப்பார் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

"எப்பல இருந்து சார் சொன்னாரு?" என்று மேடம் கேட்டார்.

"மொதல்ல இருந்தே மேடம். இந்தப் பொண்ணு இங்க வர ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே."

மேடம் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மீசைக்காரருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஆனாலும் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். "பரவால்ல மேடம். அடுத்த தடவ சொல்லிட்டுக் கொட்டுங்க."

"சொல்லிட்டுக் கொட்டினா சோதனை ஆகாது சார்."

"அப்ப கொட்டாதீங்க."

வீட்டுக்கு வந்தபோது அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். சமையலறையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"டாக்டர்கிட்ட சொன்ன. எங்கிட்ட சொல்லல."

"சொல்லக் கூடாதுன்னு ரூல்பா."

அவர் சட்டைக் காலரை மறுபடி எடுத்து, ஏற்கெனவே நேராக இருந்த மடிப்பை இன்னொரு தடவை தேய்த்தார். ஆபீசில் ஒவ்வொரு நாளும் மத்தியானம் சாப்பாட்டுக் கூடையை மூடிவிட்டு அவர் பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்து விசாரித்திருக்கிறார். நான் அப்போது பத்தடி தூரத்தில் டீக்கடைக்குப் பின்னால் கூட்டாளியோடு கதை பேசிக்கொண்டிருந்திருப்பேன். அம்மாதான் உள்ளேயிருந்து காப்பாற்றினாள். "அதான் தினமும் சாத்துக்குடியா" என்று சொல்லிவிட்டு, தனியாக நின்று சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

அப்பா அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான் கெடுத்துட்டேனாம்மா, உங்க வேலைய?"

"இல்லப்பா."

"அந்த மேடம் திட்டினாங்களா?"

"சிரிச்சாங்கப்பா."

"கைக்கு நெசமாவே ஒன்னும் இல்லதானே?"

இல்லை என்றேன். சாம்பார் பாத்திரத்தை அன்று என்னையே தூக்கி வைக்கச் சொன்னார். நான் தூக்கும்போதும் அவர் கண் என் விரல்கள் மேலேயேதான் இருந்தது. அந்தப் பழக்கம் போக இன்னும் சில மாதங்கள் ஆயின.

மேடம் அந்த ஆராய்ச்சியை வேறொரு ஊரில், வேறொரு கோயிலருகே, அந்த ஊருக்குப் புதிய ஆட்களை வைத்து மறுபடி நடத்தினார். என்னைக் கொட்டும் வேலையிலிருந்து எடுத்து, கணக்குப் போடும் வேலையில் உட்காரவைத்தார். பௌர்ணமிக்கும் சாதாரண நாளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. மேடம் அதை அப்படியே எழுதினார். எங்கள் ஊர்க் கதையையும் மறைக்காமல் ஒரு பத்தியில் சேர்த்திருந்தார்.

கட்டுரை வெளிவந்ததும் அப்பா அதை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார். ஆபீஸ் கோப்பு படிப்பதுபோல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன்னைப் பற்றி எழுதியிருக்கும் இடம் எது என்று கேட்டார். காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழில் சொல்லச் சொன்னார்.

"'உள்ளூர்வாசி ஒருவரின் தலையீட்டால் இந்தப் பகுதித் தரவுகள் சேர்க்கப்படவில்லை.' அவ்வளவுதான்பா."

"தலையீடா?"

"ஆமாம்பா."

"தலையீடுன்னா என்னம்மா, நான் என்ன கவுன்சிலரா? பெத்த பொண்ணப் பாத்துக்கச் சொன்னேன். அத அப்படியே எழுத வேண்டியதுதானே."

மேடத்துக்குச் சொன்னேன். அடுத்த கட்டுரையில் எழுதுவதாகச் சொன்னார். அப்பா அந்த அச்செடுத்த தாளை ஆபீசுக்கு எடுத்துப்போய், ஆட்டோ ஸ்டாண்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார்.